கடம்பிலிருந்து கடாரம் வரை: ஆடியில் ஐந்து நாள்

முதல் நாள், ஆடி 16. குளித்தலை

விடியற்காலையில் குளித்தலையில் இறங்கிவிட்டேன். "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்" என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காலையில் குளித்தலைக் கடம்பவனநாதரையும், உச்சிவேளையில் அய்யர்மலைச் சொக்கரையும், அந்தியில் காவிரியைத் தாண்டிப் போய் ஈங்கோய்மலை நாதரையும் ஒரே நாளில் பார்ப்பது பெரிய புண்ணியம் என்பார்கள். எனக்கு மூவரையும் பார்க்க நேரமில்லை. நான் வந்தது கடம்பருக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், கடம்புக்காக.

இந்தப் பயணம் ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா குடும்பம் மலேசியாவில், கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறது. தாத்தா ரஜூலா கப்பலில் போனவர். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார், என் அப்பா திரும்பி வந்தார். பெரியப்பா மகன், என் அண்ணன், இருபது வருஷம் ஜொகூர் வரைக்கும் லாரி ஓட்டியவர். ராத்திரி தூக்கம் வராமல் இருக்கக் கெத்தும் தண்ணி குடிக்க ஆரம்பித்தார். அங்கே பின்கட்டில் வளரும் ஒரு மரத்தின் இலையை வேகவைத்து வடித்த கசப்புத் தண்ணீர் அது. பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள். முதலில் ஒரு கிளாஸ், அப்புறம் மூன்று, நான்கு. பசி போயிற்று, உடம்பு இளைத்தது, முகம் கறுத்தது. விட முயன்ற இரண்டு தடவையும் கைகால் குடைச்சல், மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், ஒரு வாரம் பொட்டுத் தூக்கமில்லை. இரண்டு தடவையும் திரும்பிப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பாப்பா, உங்க ஊர் கடம்ப மரமும் எங்க ஊர் கெத்தும் மரமும் ஒரே ஜாதியாம். போன்ல ஒருத்தன் போட்டிருக்கான். இலை கொஞ்சம் காயவெச்சு யாராவது வர்றவங்ககிட்ட குடுத்து விடு. சாமி மரம்தானே, இதுமாதிரி கெடுதல் இருக்காது. அதைக் குடிச்சுக்கிட்டே இதை விட்டுடுவேன்."

பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பதில் ஒரு நிமிஷத்தில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் "சாமி மரம்தானே" என்னைத் தடுத்தது. மரத்தின் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கோயில் வடக்குப் பார்த்தது, காவிரியைப் பார்த்து. கடம்பந்துறை என்று அப்பர் பாடிய தலம். அம்பாள் முற்றிலா முலையம்மை. தலமரம் கடம்பு. சுற்றி வந்து கும்பிட்டேன். ஊரே ஒரு காலத்தில் கடம்ப வனமாக இருந்தது என்று நம்மவர்கள் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். ஒன்று மதுரை, இன்னொன்று இது. இங்கே ஆறு இருக்கிறது. கடம்புக்குத் தண்ணீர்க்கரை பிடிக்கும் என்பதால் எனக்கு இந்த வனத்தை நினைத்துப் பார்ப்பது சுலபமாக இருக்கிறது.

வெயில் ஏறுவதற்குள் ஆற்றோரமாக மேற்கே நடந்தேன். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இந்தப் பக்கம் கடம்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கடம்பும்மா?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. வெள்ளைக் கடம்பு இருக்கிறது, நீர்க்கடம்பு இருக்கிறது, மஞ்சக்கடம்பு இருக்கிறது, செங்கடம்பு இருக்கிறது. நான்கும் நம் வாயில் கடம்புதான். வெள்ளைக் கடம்பு, தாவரவியலில் நியோலமார்க்கியா கடம்பா, நெட்டு நெடுவென்று போகும். கையகலத்தைத் தாண்டும் இலை, எலுமிச்சம்பழம் அளவுக்கு மஞ்சள் பந்தாகப் பூ. முருகனுக்குச் சங்கப் புலவர்கள் சூட்டிய உருண்டைப் பூ அது என்றுதான் வகுப்பில் சொல்வேன். மஞ்சக்கடம்புக்கு இலை அரசிலைபோல இதய வடிவம். செங்கடம்பு இந்தக் குடும்பமே இல்லை. அதன் சிவப்புப் பூ சரம் சரமாகத் தொங்கும், பெயர் மட்டும்தான் சொந்தம். நீர்க்கடம்புதான் அண்ணன் கேட்ட மரம், மிட்ரகைனா பார்விஃபோலியா. அவர் குடிக்கிற கெத்தும், மிட்ரகைனா ஸ்பீசியோசா. முதல் பெயர் ஒன்றுதான். போனில் எழுதியவர் பொய் சொல்லவில்லை.

பெரியவர் அழைத்துப்போய்க் காட்டினார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு நடுத்தர மரம். எதிரெதிராக இலை, உள்ளங்கைக்குள் அடங்குவது. கிளை நுனியில் நெல்லிக்காய் அளவு உருண்டைப் பூ, வெளிறிய மஞ்சள், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு பூந்தலையைப் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு சின்னப் பூவிலிருந்தும் ஒரு நீட்டம் வெளியே வந்து, நுனியில் ஒரு தொப்பி. 1839-இல் கோர்த்தால்ஸ் என்ற டச்சுக்காரர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அந்தத் தொப்பி அவருக்குக் கிறிஸ்தவ பிஷப்பின் தலைக்கவசம்போலத் தெரிந்தது. அதனால் மிட்ரகைனா. என் கண்ணுக்குக் குத்துவிளக்கின் திரிமுனை மாதிரி இருந்தது.

"ஆடு இதைத் தின்னுமா ஐயா?"

"வேற தழை இருந்தா இதைத் தொடாது. கசப்பு."

ஒரு இலையைப் பறித்து நோட்டுக்குள் வைத்தேன். வாயில் வைக்கவில்லை.

இரண்டாம் நாள், ஆடி 17. முக்கொம்பு, கல்லணை

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதைப் பார்த்துவிட்டுக் கல்லணைக்கு வந்து சேர மதியமாகிவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் வந்து எல்லா மதகும் நுரை தள்ளிக்கொண்டிருக்கிறது. பையன்கள் தடுப்பையும் மீறிக் குதிக்கிறார்கள். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார்.

இங்கே உட்கார்ந்துதான் அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்பது பிடிபட்டது. அதனால் இன்று கொஞ்சம் வேதியியல். பொறுத்துக்கொள்ளுங்கள், பாடமாகச் சொல்லமாட்டேன்.

கல்லணைக்கு வருவது ஒரே தண்ணீர். இங்கே அது காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும். ஒரே தண்ணீர்தான், ஆனால் வெண்ணாற்றுப் பாசனக்காரரிடம் போய் "உங்களுக்கும் குடமுருட்டித் தண்ணிதானே" என்று சொல்லிப் பாருங்கள். மண் வேறு, மட்டம் வேறு, வந்து சேரும் நாள் வேறு, கடைமடையில் மிஞ்சும் உப்பு வேறு.

மரத்துக்குள்ளும் இப்படி ஒரு கல்லணை இருக்கிறது. டிரிப்டோஃபான் நம் பருப்பிலும் பாலிலும் இருக்கிற சாதாரண அமினோ அமிலம்தான். அதிலிருந்து செடி டிரிப்டமின் என்ற பொருளைச் செய்கிறது. இன்னொரு வாய்க்காலில் செக்கோலோகானின் என்ற பொருள் வருகிறது. இரண்டையும் ஒரு நொதி சேர்த்து முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சுக்குப் பெயர் ஸ்ட்ரிக்டோசிடின். அதுதான் அணை. அங்கிருந்து ஏறக்குறைய 3,000 அல்கலாய்டுகள், செடிகள் செய்கிற வீரியமான பொருள்கள், பிரிந்து ஓடுகின்றன.

ஒரு கிளை எட்டிக்குப் போகிறது: ஸ்டிரிக்னின், உடம்பை வில்லாக வளைத்துக் கொல்லும் விஷம். ஒரு கிளை சின்கோனாவுக்கு. நீலகிரியில் வெள்ளைக்காரன் தோட்டம் போட்டு வளர்த்தது, மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன். ஒரு கிளை சுடுகாட்டு ஓரத்தில் பூக்கிற நித்தியகல்யாணிக்கு. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஏற்றுகிற வின்கிரிஸ்டின் அதன் இலையிலிருந்து வந்தது. ஒரு கிளை ஏழிலைப்பாலைப் பட்டையின் கசப்பு. ஒரு கிளை நேற்று நான் பார்த்த நீர்க்கடம்பில் மிட்ராபில்லின், ரிங்கோபில்லின் என்று போய் நிற்கிறது. கெத்தும் மரத்தில் அது மைட்ராகைனின் ஆகிறது.

மைட்ராகைனினைத் தனியாகப் பிரித்துப் பெயரிட்டு 1921-இல் எழுதியவர் எலன் ஃபீல்டு என்ற பெண். அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆய்வுக்கூடத்தில் நின்று கீழைக்கடல் இலையொன்றின் சாரத்தைப் பிரித்தார் என்பதை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். அந்தப் பொருளுக்கு இன்றுவரை அறியப்பட்ட ஊற்று கெத்தும் மரம்தான். அது மூளையில் அபினும் மார்ஃபினும் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காருகிறது, ஆனால் அவற்றைப்போல முழுசாக அல்ல. கொஞ்சமாக மென்றால் சுறுசுறுப்பு, அதிகமானால் மயக்கமும் வலிமறப்பும். அதனால்தான் தென் தாய்லாந்திலும் வடக்கு மலேசியாவிலும் வயல்காட்டிலும் ரப்பர்த் தோட்டத்திலும் மீன்பிடிப் படகிலும் வெயிலைத் தாங்க அந்த இலையை மென்றார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வலி எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அது கைமருந்து. அதே இலையில் மிகச் சொற்பமாக இன்னொன்றும் இருக்கிறது: 7-ஹைட்ராக்ஸி மைட்ராகைனின். ஆய்வகச் சோதனையில் அது மார்ஃபினைவிட வலுவாக வேலை செய்தது.

கெத்தும் மரத்திலேயே இலைக்கு இலை வித்தியாசம் உண்டு. தாய்லாந்து மரத்து இலையில் பிரித்தெடுத்த அல்கலாய்டில் 66 சதவீதம்வரை மைட்ராகைனின் இருந்தது. மலேசிய மரத்து இலையில் ஏறக்குறைய 12 சதவீதம்தான். ஒரே மரம், நடுவில் ஒரு எல்லைக்கோடு, இவ்வளவு வேறுபாடு. அப்படியிருக்க, வேறொரு கடலோரத்து, வேறொரு இனத்து நீர்க்கடம்பை "ஒரே ஜாதி" என்று சொல்லிக் காய்ச்சிக் குடிப்பது எப்படி? நீர்க்கடம்பின் பட்டையையும் வேரையும் நம் ஊர்களில் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதை நாளுக்கு நாலு கிளாஸ், மாதக்கணக்கில், ஏற்கெனவே கெத்தும் ஊறிய உடம்பில் யாரும் குடித்துப் பார்த்ததில்லை. என் அண்ணனை அதற்கு முதல் ஆளாக அனுப்பமாட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு அம்மா புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினார். "ரொம்ப நேரமா எழுதிக்கிட்டே இருக்கே, சாப்பிடும்மா." சாப்பிட்டேன். இன்று இவ்வளவு போதும்.

மூன்றாம் நாள், ஆடி 18. திருவையாறு, தஞ்சாவூர்

பெருக்கு. இதை எழுதி விவரிக்கத் தேவையில்லை, டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். புஷ்ய மண்டபத் துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி, வாழையிலையில் விளக்கு, முளைப்பாரி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. புதுப் பெண்கள் தாலி பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

சிநேகிதி வீட்டில் காலைச் சாப்பாடு. அவள் மாமியார் பூஜைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தார். காம்பை ஒடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்தது. நேற்றைய கணக்கின் இன்னொரு கிளை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன், வாசலிலேயே நின்றது.

நடு ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டுக் காட்டில், இபோகா என்று ஒரு செடி. வேர்ப்பட்டையை புவிட்டி வழிபாட்டுக்காரர்கள் சடங்கில் உண்கிறார்கள். முன்னோரைக் கண்ணெதிரே பார்க்கும் சடங்கு அது. அதிலிருந்து இபோகைன் என்ற பொருளை 1901-இல் பிரித்தார்கள். 1962-இல் ஹோவர்ட் லாட்சாஃப் என்ற அமெரிக்க இளைஞர், ஹெராயினில் மூழ்கியிருந்தவர், இதை ஒரு தடவை எடுத்தார். ஹெராயின் ஏக்கம் போய்விட்டது என்று சொல்லி, பிறகு வாழ்நாள் முழுதும் அதற்காகவே அலைந்தார். போதையை விடவைக்கும் போதை என்று பெயர் பரவியது. கூடவே இதயத் துடிப்பு தடுமாறிச் செத்தவர்களும் உண்டு. அந்த இபோகா நந்தியாவட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. நந்தியாவட்டையிலும் அதே வகை அல்கலாய்டுகள் உண்டு: கொரோனாரிடின், வோகாஞ்சின், இபோகமின்.

சிநேகிதியின் மாமியாருக்கு இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அவர் பூக்குடலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாங்க கண்ணு எரிஞ்சா பூவைக் கண்ணுல வெச்சுக் கட்டுவோம். அதுக்கு மேல இதுகிட்ட ஒண்ணும் கேட்டதில்லையே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே திருவையாறு வந்தது தகும். நம் பாட்டிமார்கள் செடியிடம் எவ்வளவு கேட்கலாம் என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். பூ கண்ணுக்கு, பால் தொடாதே, வேர் வைத்தியர் கைக்கு. அந்த அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் மீறினவர் எப்படிப் போனார் என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். ராஜேந்திரன் கடல் கடந்து பிடித்த ஊர்களை வரிசையாகச் சொல்லும் கல்வெட்டுக்காக வந்தேன். ஸ்ரீவிஜயம், மாநக்கவாரம், கடாரம். 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு. கடாரம்தான் இன்றைய கெடா. அண்ணன் வீட்டிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் பைக்கில் போகிற தூரம். சின்னப் பிள்ளையாக அங்கே போனபோது அவர்தான் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். கால் வலிக்கிறது என்று அழுதேன், தோளில் தூக்கிக்கொண்டார். அப்போது அவர் நல்ல வாட்டசாட்டம்.

கூட்டம் அதிகம், அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள், ஆடி 19. கும்பகோணம்

காலையில் பித்தளை டபராவில் டிகிரி காபி. காபிச் செடியும் கடம்பும் கெத்தும் ஒரே குடும்பம், ரூபியேசி. காபியின் கஃபீன் முந்தாநாள் சொன்ன அணையிலிருந்து வருவதல்ல, அது வேறு ஆறு. ஆனால் உலகத்தில் அதிகம் பேர் தினமும் எடுத்துக்கொள்ளும் மனமாற்றப் பொருள் அதுதான். காலைக் காபி தள்ளிப்போனால் எனக்குத் தலை வலிக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தைக்கு எண்பத்தொன்று. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, மெலிசாகச் சீவிய சீவல், சுண்ணாம்பு. புகையிலை அத்தை போடுவதில்லை.

அண்ணனைப் பற்றி அத்தைக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயம். "இலைத் தண்ணிக்கு அடிமையாப் போயிட்டானா" என்று திட்டுவார் என்று நினைத்தேன். அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"என் மாமியார் செத்த வருஷம் நான் இதை விட்டுப் பார்த்தேண்டி. பதினோரு நாள். வாய் உலர்ந்துபோச்சு, தலை கிறுகிறுன்னுச்சு, யார்மேல பார்த்தாலும் எரிச்சல். பன்னெண்டாம் நாள் எடுத்துட்டேன். அவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். யாரும் அவனைக் கேவலமாப் பேசக்கூடாது, சொல்லிட்டேன்."

பாக்கும் ஒரு மரம் தருவதுதான். அதன் அரிகோலின் என்ற பொருளை 1888-இல் பிரித்தார்கள். சுண்ணாம்பு சேரும்போது அதன் ஒரு பகுதி அரிகெய்டினாக மாறும். போட்டதும் வேர்ப்பதும், காது சூடாவதும், மனம் விறுவிறுப்பாவதும் அதனால்தான். கல்யாணத்துக்கும் தாம்பூலம், கருமாதிக்கும் தாம்பூலம். அதைப் போதை என்று சொன்னால் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைபாக்கும்கூட, பாக்கு மட்டும்கூட, புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான். வெற்றிலையோடு வருகிற பாக்கு எனக்குப் பயம். அத்தையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்கன்னத்தில் ஓர் இடம் வெளுத்திருக்கிறது. நாளை மறுநாள் பல் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அத்தை மகனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். மூன்றாவது தடவை இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கெத்தும் மரத்தின் சட்டக் கதையும் இப்படி நெளிந்து வந்ததுதான். தாய்லாந்து 1943-இல் கெத்துமைத் தடை செய்தது. அபின் வரியில் விழுந்த துண்டுதான் காரணம் என்று சொல்வார்கள். தூக்கம் வராத கூலிக்காரன் அபினை விட்டுவிட்டு ஓசி இலையை மென்றால் கஜானாவுக்கு என்ன கிடைக்கும்? எழுபத்தெட்டு வருஷம் கழித்து, 2021 ஆகஸ்டில், தடையை நீக்கி, சிறையில் இருந்தவர்களை விட்டார்கள். மலேசியாவில் இன்றும் 1952-ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்தின்கீழ் இலையும் தண்ணீரும் குற்றம். அண்ணன் டாக்டரிடம் போகாததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். தண்டனைக்குப் பயந்து வியாதியை மறைக்கவைக்கும் சட்டத்தை என்னால் நல்ல சட்டம் என்று சொல்ல முடியவில்லை. அதே நேரம், "இலைதானே, இயற்கைதானே" என்று விற்பவர்களையும் நம்ப முடியவில்லை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 293 பேரை, எல்லாரும் ஆறு மாதத்துக்குமேல் குடித்தவர்கள், விசாரித்து 2014-இல் எழுதினார்கள். பாதிக்குமேல் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பெரும்பாலும் வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற ஆண்கள். என் அண்ணன் மாதிரி.

கிளம்பும்போது அத்தை என் கையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். அவன் சின்ன வயசில் கேட்டு அழுவானாம், நாகூர்ப் பக்கம் கிடைக்கிற தம்ரூட்டு என்ற இனிப்பு. "அங்க வாங்கி அனுப்பு" என்று பணத்தைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள், ஆடி 20. நாகூர், நாகப்பட்டினம்

கல்லணையிலிருந்து வெண்ணாறாகப் பிரிந்து, தென்பெரம்பூரில் வெட்டாறாகி, நாகூரில் கடலில் விழுகிற அந்தத் தண்ணீரின் கடைசி இடத்தில் காலை ஏழு மணிக்கு நின்றேன். பெருக்குத் தண்ணீர் இங்கே இன்னும் வந்து சேரவில்லை. முகத்துவாரம் மந்தமாக, உப்பாக, படகு எண்ணெய் மிதந்துகொண்டு இருந்தது.

தர்காவுக்குப் போய்விட்டுத் தம்ரூட்டு வாங்கினேன். தெரிந்த குடும்பம் ஒன்று அடுத்த வாரம் பினாங்கு போகிறது, அவர்களிடம் கொடுத்தேன். நோட்டுக்குள் இருந்த நீர்க்கடம்பு இலை நன்றாகக் காய்ந்திருந்தது. அதை எடுத்துப் பொட்டலத்தில் வைக்கவில்லை.

பிறகு நாகப்பட்டினம் கடற்கரை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் இங்கே பௌத்தர்களுக்குச் சூடாமணி விகாரம் கட்டினார்கள். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் கொடுத்தார். கடாரத்து அரசன் கட்டிய பள்ளிக்குச் சோழன் ஊர் கொடுத்த கதை ஆனைமங்கலச் செப்பேட்டில் இருக்கிறது. இருபது வருஷத்தில் மகன் போய்க் கடாரத்தையே பிடித்தான். பின்னாளில் இதே கரையிலிருந்து நம் ஆட்கள் படகில் போய், நடுக்கடலில் நின்ற ரஜூலாவில் ஏறினார்கள். ரப்பர் வெட்டப் போனவர்கள்.

அண்ணனுக்கு வீடியோ போட்டேன். அங்கே மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. முண்டா பனியனில், பின்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இலை அனுப்பலை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஏன் பாப்பா?"

கல்லணைக் கதையைச் சொன்னேன். அவர் லாரிக்காரர், பிரியும் சாலை என்றால் உடனே பிடித்துக்கொள்வார். "அப்ப ஒரே டிப்போல கிளம்பினாலும் ஈப்போ லாரி வேற, ஜொகூர் லாரி வேறங்கிறே" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தெரியாது: இணையத்தில் ஏதோ ஒரு கடம்புப் பொடி, வெளிநாட்டுப் பொட்டலம், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாராம். பிரிக்கவில்லை.

ஸ்வீடனில் நடந்ததைச் சொன்னேன். கெத்தும் பொடி என்று பெயர் போட்டு விற்ற ஒரு பொட்டலத்தில் வலிமாத்திரையான டிராமடாலின் வழிப்பொருள் ஒன்றைக் கலந்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் ஒன்பது பேர் செத்தார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பொட்டலத்தின் மேலிருந்த பெயர் அவர்கள் ரத்தத்தில் இருந்ததற்குப் பாதிதான் உண்மை.

"தூக்கிப் போட்டுடறேன்" என்றார். "ஆனா ராத்திரி தூக்கம் வரலையே பாப்பா."

"டாக்டர்கிட்ட போங்கண்ணா. ஒரே நாள்ல விடவேண்டாம், அவர் சொல்றபடி குறைங்க. பயமா இருந்தா பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"பெரியம்மாவா? அவுங்கதான் எனக்கு இலை பறிச்சுக் குடுப்பாங்க." சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்தார்.

அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன், பதினோரு நாள் கணக்கோடு. அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. "அத்தையுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"கடலைக் காட்டு" என்றார். போனைத் திருப்பினேன். "தாத்தா ஏறின எடம் இதானா?" "இங்கதாண்ணா." பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இரு, நான் ஒண்ணு காட்டறேன்" என்று அவரும் போனைத் திருப்பினார்.

பின்கட்டில் ஒரு மரம். இருபது வருஷம் கேள்விப்பட்டு, படித்து, கரும்பலகையில் வரைந்தும் காட்டிய மரத்தை இன்றுதான் உயிரோடு பார்க்கிறேன். நீர்க்கடம்பைவிட இலை பெரிசு, பளபளப்பு, நரம்பு இளஞ்சிவப்பு. அண்ணன் கிளையைக் கீழே இழுத்துக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பூத்திருந்தது. மஞ்சள் உருண்டை. குளித்தலையில் பார்த்த அதே உருண்டை, அதே தொப்பிகள்.

"இதை வெட்டிடவா பாப்பா?"

கடல் நடுவே பகைவர்கள் காவல் மரமாக வைத்திருந்த கடம்பை ஒரு சேரன் வெட்டி முரசு செய்தான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த மரத்தை நினைத்து எப்போதும் பாவமாக இருக்கும்.

"வேண்டாண்ணா," என்றேன். "முதல்ல டாக்டர். அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் கிளையை விட்டார். அது மேலே போய் ஆடியது. அதன் நிழலில் பெரியம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். யாரிடம் பேசுகிறாய் என்று திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.